கழுவும் உரிமை

பிலிம் ரோல் இருந்த காலத்தில், ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் 'கழுவக் கொடுத்திருக்கிறேன்' என்று சொல்வார்கள். நல்ல சொல். படம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது, மேலே படிந்திருப்பது போனால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லில் இருக்கிறது. ரசாயனம் படித்தவர்கள் இதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சரித்திரம் என்று பார்த்தால், 1839இல் தொடங்கும் புகைப்படக் கதையின் முக்கியமான சண்டைகளில் ஒன்று இந்தக் கழுவுதலைப் பற்றித்தான் நடந்திருக்கிறது. கழுவும் உரிமை யாருக்கு? படம் எடுத்தவனுக்கா, பிலிம் விற்றவனுக்கா?

டிஜிட்டல் காமிரா வந்ததும் கழுவுவது என்ற காரியமே ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டோம். ஒழியவில்லை. அது காமிராவுக்கு உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். உள்ளே போனதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. காமிராவின் மெனுவில் ஒரு மூலையில் கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது: ஜேபெக்கா, ராவா? ரா என்று சொன்னால், படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரண்டாவது கேள்வி வருகிறது: கம்பெனி கொடுத்த கோப்பை அப்படியே வைத்துக்கொள்வதா, டி.என்.ஜி. என்ற பொது வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதா? இதையெல்லாம் கடைக்காரப் பையனிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற சமாச்சாரம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்தப் பையன் தொண்ணூறு வருஷப் பழைய வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கும் தெரியாது.

தொண்ணூறு என்பதுகூடக் குறைவு. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். நூறும் எடுத்து முடித்தபின் பிலிமை மட்டும் அல்ல, காமிராவையே ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் வைத்து, 10 டாலர் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டும் உன் வேலை, மிச்சமெல்லாம் எங்கள் வேலை என்பது விளம்பரம். கண்ணாடித் தகடும் ரசாயனக் குப்பிகளும் சுமந்து திரிந்த ஒரு தலைமுறைக்கு இது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் புகைப்படக்காரன் என்ற ஒரே ஆள் அன்றைக்கு இரண்டாகப் பிளந்தான். எடுப்பவன் ஒருவன், எடுத்தது என்ன என்று முடிவு செய்பவன் இன்னொருவன்.

கறுப்பு வெள்ளையில் இந்தப் பிளவு நிரந்தரமாகவில்லை. வேண்டியவன் குளியலறைக் கதவை மூடிக்கொண்டு தானே கழுவிக்கொள்ளலாம். கழுவும் முறை எல்லோருக்கும் தெரிந்தது. ரசாயனங்கள் கடையில் கிடைத்தன. கலர் வந்தபோதுதான் பிளவு இறுகியது. 1935இல் வந்த கோடக்ரோம், மானஸ், கொடாவ்ஸ்கி என்ற இரண்டு சங்கீதக்காரர்களின் கண்டுபிடிப்பு. அந்தப் பிலிமிலேயே நிறம் கிடையாது என்பது அதன் விசேஷம். நிறங்கள் கழுவும்போதுதான் ஒவ்வொன்றாக உள்ளே சேர்க்கப்படும். அத்தனை சிக்கலான காரியத்தை வீட்டில் செய்ய முடியாது. கோடக் கம்பெனி பிலிமின் விலையிலேயே கழுவும் கூலியையும் சேர்த்து வாங்கிவிட்டது. பிலிம் வாங்கும்போதே கழுவுகிறவன் யார் என்பதும் முடிவாகிவிடுகிறது. 1954இல் அமெரிக்க அரசாங்கம் கோடக்மீது ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. அந்த வருஷமே சம்மத ஆணையும் வந்தது. இனிமேல் பிலிமைத் தனியாக விற்க வேண்டும், கழுவும் முறையை மற்ற லாபரட்டரிகளுக்கும் உரிமம் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும். ஒரு பிம்பத்தை வெளிக்கொணரும் அறிவு அதைப் பதிவு செய்யும் பொருளை விற்றவனின் தனிச் சொத்தாக இருக்கக்கூடாது என்று சட்டம் சொன்ன அபூர்வமான தருணம் இது. புகைப்படக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆணையைக் குறிப்பிடுவதே இல்லை. கலைச் சரித்திரம் எழுதுகிறவர்களுக்குக் கோர்ட்டுப் படி ஏறுவதில் எப்போதும் கூச்சம்.

முதல் டிஜிட்டல் காமிராவும் இதே ராச்செஸ்டரில், இதே கம்பெனியில்தான் பிறந்தது. 1975 டிசம்பரில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினியர் செய்தது. எடை சுமார் 3.6 கிலோ. நூறுக்கு நூறு, அதாவது 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அதைக் காஸெட் டேப்பில் பதிய 23 விநாடிகள். படத்தைப் பார்க்க வேறொரு இயந்திரம் வேண்டும். அது டேப்பைப் படித்து, நூறு வரிகளுக்கு இடையே இல்லாத வரிகளை இட்டு நிரப்பி, டெலிவிஷன் திரைக்கு ஏற்றபடி நானூறு வரிகளாக்கிக் காட்டியது. பத்தாயிரம் புள்ளிகளைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. முதல் டிஜிட்டல் படத்திலேயே பதிவு வேறு, காட்சி வேறு என்று இருந்திருக்கிறது. நடுவில் ஒரு இயந்திரம் உட்கார்ந்து ஊகம் செய்திருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

நிறம் வந்ததும் ஊகம் பெருகியது. அதே கோடக்கில் வேலை பார்த்த ப்ரைஸ் பேயர், 1976இல் ஒரு பேட்டண்ட் பெற்றார். ஒளியை உணரும் சில்லுக்கு நிறம் தெரியாது; எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும் தெரியும். எனவே ஒவ்வொரு புள்ளியின் தலைமேலும் ஒரு குட்டி வண்ணக் கண்ணாடி. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். மனிதக் கண் வெளிச்ச நுணுக்கங்களைப் பச்சையில்தான் கூடுதலாகப் பார்க்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. இன்றைக்கும் மிகப் பெரும்பாலான காமிராக்கள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பார்த்தால் சற்றுத் தூக்கிவாரிப் போடும். ஒரு புள்ளியில் பதிவாவது மூன்று நிறங்களில் ஒன்று மட்டுமே. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை விசாரித்து ஊகிக்கப்படுகின்றன. ஆக, நாம் பார்க்கும் டிஜிட்டல் கலர்ப் படத்தின் நிற விவரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ எழுதிய சூத்திரத்தின் ஊகம்.

அந்த ஊகத்துக்கு முந்தைய நிலைதான் ரா. ரா என்றால் பச்சை, வேகாதது. தமிழில் இந்தச் சொல்லுக்கு நிறமும் உண்டு, வேகாமையும் உண்டு; இந்தக் கோப்பு இரண்டு அர்த்தத்திலும் பச்சைதான். எந்தத் திருத்தமும் செய்யாமல் அதைத் திறந்து பார்த்தால் பாசி படிந்த குளம்போல ஒரு மங்கல் பச்சை தெரியும். அழகாக இருக்காது. ஆனால் சில்லு பார்த்ததெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். வெளிச்சம் பகலா, டியூப் லைட்டா, மஞ்சள் பல்பா என்பதை ஈடுகட்டும் எண்கள் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்குமே தவிர, படத்தோடு கலக்கப்பட்டிருக்காது.

ஜேபெக் என்பது இதே பச்சையைக் காமிராவே ஒரு கண நேரத்தில் சமைத்துத் தட்டில் வைப்பது. ஊகித்து, நிறம் கூட்டி, கூர்மை ஏற்றி, 16,384 படிகளை 256ஆகச் சுருக்கி, கண்ணுக்கு எட்டாது என்று தோன்றுவதையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தைப் பத்திரப்படுத்துகிறது. பச்சைப் பதிவு அந்தக் கணத்திலேயே குப்பைக்குப் போய்விடுகிறது. ஜேபெக்கைத் திட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நம் காலத்தின் மிகச் சாமர்த்தியமான கணித வேலைகளில் ஒன்று. அதன் இருதயமான கொசைன் மாற்றத்தை யோசித்தவர் பெங்களூரில் படித்து அமெரிக்கா போன நசீர் அகமத். 1972இல் இதை ஆராயப் பணம் கேட்டு அந்த நாட்டு விஞ்ஞான நிறுவனத்துக்கு மனுப்போட்டார், மறுத்துவிட்டார்கள். விடாமல், நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடு சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். இந்த ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினியரிங் பட்டம் வாங்கியவர். படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதி, நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுவதுதான் முறை. 1992இல் இது சர்வதேசத் தரமாயிற்று. தரம் என்றால் அச்சிட்டு வெளியிடப்பட்டது, யார் வேண்டுமானாலும் படித்து, ஜேபெக்கைத் திறக்கும் நிரலை எழுதிக்கொள்ளலாம் என்று அர்த்தம். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜேபெக்கை இன்றைக்கு எந்த மலிவு டெலிபோனும் திறந்துவிடுகிறது.

முரண்பாடு இங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லோராலும் படிக்க முடிகிற கோப்பில் பதிவின் பெரும்பகுதி இல்லை. பதிவு முழுவதும் இருக்கிற கோப்பையோ எல்லோராலும் படிக்க முடியாது. ஏனென்றால் ரா என்று ஒரு ஃபார்மட் கிடையாது. கம்பெனிக்கு ஒன்று, சில சமயம் காமிராவுக்கு ஒன்று. நிக்கானுக்கு என்.இ.எஃப்., சோனிக்கு ஏ.ஆர்.டபிள்யூ., ஃபூஜிக்கு ஆர்.ஏ.எஃப். கேனான் கம்பெனி மட்டும் சி.ஆர்.டபிள்யூ., 2004இல் சி.ஆர்.2, 2018இல் சி.ஆர்.3 என்று மூன்று வீடு மாறிவிட்டது. இவற்றில் பலவற்றின் எலும்புக்கூடு 1986இல் ஆல்டஸ் கம்பெனி வெளியிட்ட டிஃப் என்ற பகிரங்கமான ஃபார்மட்தான். எலும்புக்கூடு தெரியும், எந்த எலும்பு எதற்கு என்பதுதான் ரகசியம். கம்பெனிகள் அந்த விவரத்தை அச்சிட்டு வெளியிடவில்லை. எங்கள் காமிரா எடுத்ததை எங்கள் புரோகிராமில் கழுவிக்கொள்ளுங்கள் என்பதே நிலைமை. 1888க்கே திரும்பிவிட்டோம், காமிராவைத் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் முன்னேற்றம்.

1954இல் ஓர் அரசாங்கம் செய்ததை இந்த முறை ஒரு தனி மனிதர் செய்ய வேண்டியிருந்தது. டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலர், 1997இல், தன் காமிராவின் கோப்புகளைத் தானே திறப்பதற்காக ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தார். பெயர் டிசிரா. ரா கோப்புகளை வாங்கிப் பிரித்துப் பார்ப்பார், எந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று துப்புத் துலக்குவார், கண்டுபிடித்ததைச் சி மொழியில் எழுதி இலவசமாக வெளியிடுவார். புதிதாக ஒரு காமிரா வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இப்படி இருபது வருஷத்துக்கு மேல். கடைசிப் பதிப்பு 2018இல். நூற்றுக்கணக்கான காமிராக்களின் ரகசியம் ஒரே கோப்பில், பத்தாயிரம் வரிக்கு மேல். பெரிய பெரிய கம்பெனிகளின் புரோகிராம்களும் இந்த வேலையின்மேல் ஏறி நின்றிருக்கின்றன. சிதைந்த லிபியை ஒற்றை ஆளாக உட்கார்ந்து படிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே லிபி சிதைந்ததல்ல, நேற்று எழுதப்பட்டது. எழுதியவர்கள் உயிரோடு, பக்கத்துத் தெருவில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2004 செப்டம்பரில் அடோபி கம்பெனி டி.என்.ஜி.யை வெளியிட்டது. டிஜிட்டல் நெகடிவ் என்பதன் சுருக்கம். போட்டோஷாப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான தாமஸ் நாலின் வேலை இதில் பெரிது. டிஃப்பின் எலும்புக்கூட்டின்மேல், எந்தக் காமிராவின் பச்சைப் பதிவையும் வைக்கக்கூடிய ஒரு பொது உறை. உறைக்குள்ளேயே அந்தப் பதிவைப் புரிந்துகொள்ளத் தேவையான எண்களும். விவரக் குறிப்பு அச்சில். உபயோகிக்கக் கூலி இல்லை. மற்ற ராக்களை இதற்கு மாற்றும் புரோகிராமும் இலவசம். அதாவது, முழுமையும் இருக்க வேண்டும், எல்லோரும் படிக்கவும் வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடந்த முயற்சி. 2006இல் லைக்கா எம்8 இதையே தன் ராவாக எழுதியது. அதே வருஷம் பெண்டாக்ஸ் கே10டி, தன் சொந்த ஃபார்மட்டோடு இதையும் ஒரு தேர்வாக வைத்தது. பெரிய மூன்று ஜப்பானியக் கம்பெனிகள் அசையவில்லை.

அசையாதது மட்டுமல்ல. 2005இல் நிக்கானின் டி2எக்ஸ் காமிரா வந்தபோது, வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டும் எண்களைக் கோப்பில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று நால் பகிரங்கமாக எழுதினார். பூட்டை உடைப்பது அமெரிக்காவின் 1998ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி குற்றமாகக் கருதப்படலாம் என்பது அவருடைய கம்பெனியின் பயம். நிக்கான், தகுதியுள்ள நிரலர்களுக்குத் தன் கருவிப்பெட்டியைக் கொடுக்கிறோமே என்றது. தகுதியை யார் தீர்மானிப்பது என்று சொல்லத் தேவையில்லை. காஃபின் வழக்கம்போல உட்கார்ந்து பூட்டைத் திறந்து, திறந்த விதத்தை டிசிராவில் எழுதிவிட்டார். சாவி என்ன என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. காமிராவின் வரிசை எண்ணும், அதுவரை எத்தனை முறை ஷட்டர் திறந்தது என்ற எண்ணிக்கையும். இரண்டும் அதே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படிமேல் வைத்துவிட்டுப் போவதுபோல. பூட்டு திருடனுக்காகப் போட்டதல்ல. வீட்டுக்காரனுக்கு இது உன் வீடு இல்லை என்று ஞாபகப்படுத்தப் போட்டது. படம் என்னுடையது, அந்த மாலை வெளிச்சத்தின் நிறம் உன்னுடையதா?

அந்த ஏப்ரலில் புகைப்படக்காரர்கள் சிலர் ஓப்பன்ரா என்று ஒரு குழு அமைத்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் ஃபார்மட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதன் விவரத்தை மட்டும் அச்சிட்டு வெளியிடுங்கள். டி.என்.ஜி. வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. இந்தக் கோரிக்கையின் கௌரவம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு முதலாளியிடமிருந்து தப்பித்து இன்னொரு முதலாளியின் பொது உறைக்குள் போவதைவிட, எழுதியதன் இலக்கணத்தைக் கேட்பது சுயமரியாதை உள்ள காரியம். பலன் அதிகமில்லை. குழுவும் காலப்போக்கில் ஓய்ந்துவிட்டது.

ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். பச்சைப் பதிவைக் கையில் வைத்துக்கொள்வதில் அப்படி என்ன இருக்கிறது? ஆன்ஸல் ஆடம்ஸ் பியானோ பயின்றவர். நெகடிவை ஸ்வரக் குறிப்புக்கும் பிரிண்ட்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர். 1941இல் ஹெர்னான்டஸ் என்ற கிராமத்துமேல் நிலா எழுந்ததை எடுத்த அவருடைய படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த நெகடிவ் அவருக்குத் திருப்தியாக இல்லை. 1948இல் அதன் கீழ்ப்பகுதியை மறுபடி ரசாயனத்தில் நனைத்து அழுத்தம் ஏற்றினார். பிறகும் பல பத்து வருஷங்களில் ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட்டுகள். போகப் போக வானம் கறுத்துக்கொண்டே வந்தது. இளம் வயதில் எடுத்த அதே நெகடிவுக்கு வயதானவர் வேறு வானம் கொடுத்தார். மறுபக்கம் கார்த்தியே ப்ரெஸ்ஸான். ஷட்டர் திறந்த கணத்தோடு அவருக்கு வேலை முடிந்தது. இருட்டறையில் அவருக்கு ருசி இல்லை. பாரிஸில் பியர் காஸ்மனின் லாபரட்டரி பார்த்துக்கொண்டது. அவர் இன்று இருந்தால் ஜேபெக்கிலேயே எடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று சண்டை போட வருகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அவர் கழுவும் உரிமையை ஒரு மனிதரிடம் ஒப்படைத்தார், நெகடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டு. நெகடிவையே அழித்துவிடச் சம்மதிக்கவில்லை.

இதைவிட விசித்திரமான விவகாரம் 2015இல் நடந்தது. அந்த வருஷத்து வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டார்கள். ஏதோ ஒன்றைச் சேர்த்திருந்தார்கள் அல்லது அழித்திருந்தார்கள். அங்கே மூலக் கோப்பு சாட்சி. அதே வருஷம் நவம்பரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம், தனக்குப் படம் அனுப்பும் வெளியாட்கள் ராவிலிருந்து சமைத்த படத்தை அனுப்பக்கூடாது, காமிராவே எழுதிய ஜேபெக்கைத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. வேகமும் நேர்மையும் காரணம் என்றது. இங்கே ரா சந்தேகத்துக்குரியது. ஏனெனில் அதில் மனிதன் கை வைக்க இடம் இருக்கிறது. வேகத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். நேர்மை என்பதைத்தான் விழுங்க முடியவில்லை. காமிராவின் ஜேபெக்கிலும் ஒரு கை இருக்கிறது. வானம் எவ்வளவு நீலம், தோல் எவ்வளவு சிவப்பு, நிழலில் எதுவரை தெரியலாம் என்று டோக்கியோவில் உட்கார்ந்து முடிவு செய்த என்ஜினியரின் கை அது. சம்பவத்தை அவர் பார்த்ததில்லை என்பதால் அவர் தீர்ப்பு நடுநிலையாகிவிடுமா? பார்க்காதவனின் ரசனைக்குப் பெயர் யதார்த்தம். பார்த்தவனின் ஞாபகத்துக்குப் பெயர் திருத்தல். விமரிசனத்தில் நாம் அடிக்கடி சந்திக்கிற ஆசாமிதான் இவர், காமிராவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003இல் ஒரு கூட்டத்தில், இப்போது உயிரோடு இல்லாத நண்பர் ஒருவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பதை இன்னொரு நண்பர் எடுத்தார். ராவும் ஜேபெக்கும் சேர்ந்து ஒரு சி.டி.யில் இருந்தன. ஜேபெக்கில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் அற்புதமாக விழுந்திருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. அந்தக் காமிராவோடு வந்த புரோகிராம் இன்றைய கம்ப்யூட்டரில் ஏறவே மறுத்தது. டிசிரா திறந்தது. நிழலை ஏற்றிக்கொண்டே போனதில், குருணை குருணையாக, முகம் வந்தது. அவருக்கே உரிய அந்த அரைக்கண் மூடல்கூட. 2003இல் கழுவியிருந்தால் இத்தனை வந்திருக்காது. ஊகிக்கும் சூத்திரங்களும் இரைச்சலைப் பிரிக்கும் முறைகளும் இடைப்பட்ட வருஷங்களில் வெகுவாகத் தேறிவிட்டன. ஒரு பழைய பிரதிக்குப் புதிய வாசிப்பு கிடைப்பதை அவ்வளவு ஸ்தூலமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான கதி கோடக்ரோமுக்கு நேர்ந்தது. 2009இல் கோடக் அதைத் தயாரிப்பதை நிறுத்தியது. உலகத்தில் அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி இடம் கன்ஸாஸ் மாநிலத்தில் பார்ஸன்ஸ் என்ற சிற்றூரில் ட்வெய்ன்ஸ் என்ற லாபரட்டரி. 2010 டிசம்பர் 30க்குப் பிறகு அவர்களும் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பிறகு எங்காவது அலமாரி மூலையில் கழுவாமல் கிடக்கும் ஒரு சுருளில் யாருடைய முகம் இருந்தாலும் அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான், அதுவும் மங்கலாகத்தான், மீட்க முடியும். நிறம் பிலிமில் இருந்ததில்லை, கழுவுகிறவனின் தொட்டியில் இருந்தது. தொட்டி காலியானதும் நிறமும் போயிற்று. ரா கோப்பின் நிலையும் இதேதான்.

நம்மில் பலருக்கு இந்த அனுபவம் வேறு வழியில் ஏற்கனவே உண்டு. யூனிகோடுக்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் அடித்தோம். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010இல் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கட்டுரைகளை இன்று திறந்தால் பூச்சி பறப்பதுபோல் லத்தீன் குறிகள். எழுத்து அழியவில்லை, வரிசை தப்பவில்லை. இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்ற ஒரு பக்க அட்டவணைதான் தொலைந்துவிட்டது.

அப்படியானால் டி.என்.ஜி.க்கு மாற்றிவிடலாமே என்றால், அங்கும் தயக்கங்கள் உண்டு. மாற்றும்போது கம்பெனியின் அந்தரங்கக் குறிப்புகள் கூடவே வந்தாலும், அவற்றின் பொருள் இடம் மாறியதில் கெட்டுப்போகலாம். கம்பெனியின் சொந்தப் புரோகிராம் மாற்றிய கோப்பைத் தொடாது. வடிவம் பகிரங்கமானது என்றாலும், அதன் அடுத்த பதிப்பு எப்படி இருக்கும் என்று முடிவு செய்வது ஒரு கம்பெனிதான். அதன் தாராளம் இன்றுவரை குறையவில்லை என்பதால் அது தர்மமாகிவிடாது. இன்னொன்று, டி.என்.ஜி. என்ற பெயர் பச்சைக்கு உத்தரவாதம் அல்ல. ஊகமெல்லாம் முடிந்து அரைவேக்காடாக ஆனதையும் அந்த உறைக்குள் வைக்கலாம். 2020இல் ஆப்பிள் தன் டெலிபோனில் கொண்டுவந்த புரோரா அந்த ரகம்: பல படங்களைச் சேர்த்து, இரைச்சல் நீக்கி, நிறம் ஊகித்து முடித்தபின் டி.என்.ஜி. உறையில் போட்டுத் தருவது. உபயோகமானதுதான், ஆனால் நெகடிவ் என்று சொல்லக் கூசுகிறது.

என் அபிப்ராயத்தில், காமிராவே டி.என்.ஜி. எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். அங்கே மூலமும் அதுதான், இலக்கணமும் அச்சில் இருக்கிறது. வேறு எதையாவது எழுதினால் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், மாற்றியபின் மூலத்தை அழிக்கக் கூடாது. இடம் மிச்சமாகிறது என்பது ஒரு காரணமே அல்ல. 24 மெகாபிக்ஸல் படம் ஒன்று 14 பிட்டில் எந்தச் சுருக்கமும் இல்லாமல் சுமார் 42 மெகாபைட். இன்றைய டிஸ்க் விலையில் ஒரு பிலிம் கழுவும் கூலிகூட ஆகாது. பிரதிக்காக ஒரு டி.என்.ஜி. எடுத்துக்கொள்வதில் தவறில்லை. முக்கியமான படம் என்றால் ஒரு காகிதப் பிரிண்ட்டும்.

நண்பரின் படத்தை வைத்திருக்கும் டிஸ்க்கில் இப்போது நாலு கோப்புகள் இருக்கின்றன. அந்தப் பச்சைப் பதிவு, கறுத்த முகத்தோடு இருக்கும் பழைய ஜேபெக், நான் கழுவியெடுத்த பிரதி, நாலாவதாக டிசிராவின் மூல நிரல். பக்கத்துக்கு ஐம்பது வரி என்று அச்சடித்துப் பார்த்தால் இருநூறு பக்கத்துக்கு மேல் வருகிறது. பைண்ட் செய்யக் கொடுத்திருக்கிறேன்.